மூன்று மவுண்டிங்கும் மாற்றச் சொன்னார்கள், குறை ஆர்பிஎம்மில் இருந்தது

மாதக்கணக்கில் நின்ற கார். பாட்டரி செத்துப் போயிருந்தது, புதிது போட்டதும் ஸ்டார்ட் ஆனது. ஆனால் நின்ற இடத்தில் ஸ்டீயரிங் நடுங்கியது, கியர் லீவர் ஆடியது, உள் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி கலங்கித் தெரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் பேனட்டைத் திறந்த கையோடு தீர்ப்பு வந்துவிட்டது: "மவுண்டிங் போயிடுச்சு சார், மூணையும் மாத்திடலாம்." மவுண்டிங் என்பது எஞ்சினைப் பாடியோடு பிடித்திருக்கும் ரப்பர் தாங்கி. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போடவில்லை, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற ஆர்பிஎம் பார்க்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்து ரேஸ் கொடுத்தார். நடுக்கம் நின்றது. "பாத்தீங்களா?" என்றார்.

எரிச்சல் வந்தது அந்த "பாத்தீங்களா"வில்தான். ரேஸ் கொடுத்தால் நடுக்கம் நிற்பது மவுண்டிங் கெட்டதற்குச் சான்றே ஆகாது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை எரிப்பு நடக்கிறது. 750 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 25 உதை. ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டுக்கும் சேர்த்து ஓர் இயல்பான ஆட்டவேகம் உண்டு, அது இந்த 25-ஐவிடக் குறைவாக இருக்கும்படிதான் மவுண்டிங்கை வடிவமைக்கிறார்கள். உதை அந்த ஆட்டவேகத்தைவிட்டு எவ்வளவு மேலே விலகியிருக்கிறதோ அவ்வளவு நன்றாக ரப்பர் அதைத் தடுக்கும். ஐடிலிங், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும் வேகம், 580-க்கு இறங்கிவிட்டால் உதை நொடிக்கு 19 ஆகிறது. அந்த நிலையில் புத்தம்புது மவுண்டிங்கும் திணறும். 1500-க்கு ஏற்றினால் 50 உதை. கெட்ட மவுண்டிங்கில்கூட நடுக்கம் குறைந்தே தெரியும். எனவே அந்தச் சோதனை எதையும் பிரித்துக் காட்டாது.

மூன்று சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். அதே 750-ல் அவர்களுக்கு நொடிக்கு 19-க்கும் குறைவான உதைதான். முன்னும் பின்னும் தலையாட்டும் குணமும் அந்த எஞ்சினுக்கு இயல்பிலேயே உண்டு. அதே மாடலில் இன்னொரு வண்டியில் உட்கார்ந்து பார்க்காமல் கோளாறு என்று முடிவு கட்டக் கூடாது.

வெளிநாட்டில் பல இடங்களில் கோளாறு கண்டுபிடிக்கவே தனியாக மணிக்கணக்கில் கூலி. அது கையைக் கடிக்கும், ஆனால் பார்ப்பவருக்குப் பார்க்க நேரம் கிடைக்கிறது. இங்கே பார்ப்பது பெரும்பாலும் இலவசம். சம்பாத்தியம் எல்லாம் பாகத்தை மாற்றுவதில் இருப்பதால், பார்க்காமல் மாற்றும் பழக்கம் வளர்ந்துவிட்டது. ஆனால் அங்கேயும் ஒரு வியாதி உண்டு. ஸ்கேனரில் கோடு (கோளாறைச் சொல்லும் எண்) வராவிட்டால் "எல்லாம் நார்மல்" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இந்த வண்டியில் கோடு எதுவும் இல்லை. அங்கே இதே வண்டி ஆடிக்கொண்டே வீடு திரும்பியிருக்கும்.

காப்பாற்றியவர் அதே ஒர்க்‌ஷாப்பில் ஓரமாக வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த வயதான மெக்கானிக். கார்புரேட்டர் காலத்து மனிதர். கேட்டது ஒரே கேள்வி: "பாட்டரி எப்ப மாத்தினீங்க?" ஸ்கேனரைச் சொருகி லைவ் டேட்டாவில் ஆர்பிஎம்மைப் பார்த்தார். இலக்கு 750, ஓடுவது 580-க்கும் 620-க்கும் நடுவே. விஷயம் முடிந்துவிட்டது.

காரணம் இதுதான். எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடும் த்ரோட்டில் பாடியின் தகட்டு ஓரத்தில் வருஷக்கணக்கில் கரி படிகிறது. ஐடிலிங்கில் காற்று போகும் இடைவெளி மிகக் குறுகியது, கரி அதை இன்னும் அடைக்கிறது. எஞ்சினின் கணினியான ஈசியூ அதைக் கவனித்துத் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறந்து ஈடுகட்டி, அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்கிறது. பல கார்களில் பாட்டரியைக் கழற்றினால் அந்த நினைவு அழிந்துவிடும். தகடு தொழிற்சாலை அளவுக்குத் திரும்பும், கரி மட்டும் அப்படியே இருக்கும். காற்று போதாமல் ஆர்பிஎம் விழுகிறது. பாட்டரி மாற்றிய பிறகு வந்த நடுக்கம் என்றாலே முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சுத்தம் செய்வதில் கவனம் வேண்டும். மின்சாரத்தால் இயங்கும் த்ரோட்டிலில் இக்னிஷன் ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளக் கூடாது, உள்ளே பற்சக்கரமும் மோட்டாரும் இருக்கின்றன. த்ரோட்டில் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைப்பதே நல்லது. நேராகப் பீய்ச்சினால் திரவம் தண்டு வழியாக மோட்டாருக்குள் இறங்கும். சில த்ரோட்டில்களில் தகட்டைச் சுற்றி ஒரு பூச்சு இருக்கும். அதைக் கரி என்று நினைத்துச் சுரண்டினால் ஐடிலிங் ஒருநாளும் சரியாக நிற்காது.

துடைத்த பிறகு புது அளவைக் கற்க விட வேண்டும். சில மாடல்களுக்கு ஸ்கேனரில் தனிக் கட்டளை உண்டு. மற்றவற்றில் எஞ்சின் நன்றாகச் சூடேறி ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நின்றதும், லைட்டு, ஏசி எல்லாம் அணைத்து, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, நியூட்ரலில் பத்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். பிறகு ஏசி போட்டு இன்னொரு ஐந்து நிமிடம். இதற்கு நடுவே யாராவது ரேஸ் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து. பொறுமையில்லாத இடங்களில் இந்த வேலை பாதியில் நிற்பது இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

ஆர்பிஎம் சரியாக இருந்தும் வண்டி ஆடினால் அடுத்த சந்தேகம் மிஸ்ஸிங். ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் 750-ல் நொடிக்கு ஆறு முறை நொண்டும். அந்த ஆட்டத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம், சைலன்சர் முனையில் கை வைத்தால் காற்று விட்டுவிட்டு அடிக்கும். அந்தக் காலத்தில் ஓடும் எஞ்சினில் ப்ளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர் என்று நொடியில் சொல்வார்கள். பார்க்கவே ஆசையாக இருக்கும். இப்போதைய வண்டியில் ப்ளக்குக்கு மின்பொறி தரும் காயிலைப் பிடுங்கி அதே வித்தை காட்டினால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே நாசமாக்கும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பதுதான் இன்றைய முறை. அதே விடை கிடைக்கும், பெட்ரோலும் உள்ளே போகாது.

பி0301 என்று கோடு வந்தால் முதல் சிலிண்டர். உடனே புதுக் காயில் வாங்க வேண்டாம். முதல் சிலிண்டர் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான். மாறாமல் நின்றால் அதேபோல ப்ளக்கை இடம் மாற்றுங்கள், அப்புறம் இன்ஜெக்டர். எதுவும் நகரவில்லை என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) பார்க்க வேண்டும். அதில் எண் எவ்வளவு என்பதைவிடச் சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதே முக்கியம்; 15 சதவீதத்துக்கு மேல் போனால் வால்வு, ரிங், ஹெட் கேஸ்கட் என்று தேட வேண்டியதுதான்.

நின்ற வண்டியில் எலியையும் மறக்கக் கூடாது. இன்ஜெக்டர் வயர், பிரேக் பூஸ்டர் ஹோஸ், எஞ்சின் ஆவியை இழுக்கும் பிசிவி ஹோஸ் என எதையும் கடிக்கும். ஹோஸ் வழியாகக் காற்று புகுந்தால் உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சர் உள்ள வண்டியில் ஃப்யூல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலிங்கில் 15, 20 சதவீதம் கூட்டியிருக்கும், 2500 ஆர்பிஎம்மில் பழைய நிலைக்கு இறங்கும். காற்றழுத்தம் பார்க்கும் மேப் சென்சர் மட்டும் உள்ள வண்டியில் ட்ரிம் அவ்வளவு ஏறாது, ஐடிலிங்தான் ஏறும். ஓட்டை தேட, குழாய்களுக்குள் புகை விட்டுப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் கேளுங்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் கார்ப் கிளீனரை அடித்துத் தேடுவதைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள், தீப்பிடிக்கும்.

டீசல் வண்டிக்குத் தேடும் பாதை வேறு.

மவுண்டிங் உண்மையாகவே போவதும் உண்டு. அப்போது எஞ்சின் சீராக ஓடும், பாடி மட்டும் நடுங்கும். ஆட்டோமேட்டிக்கில் நியூட்ரலில் அமைதி, டி-யில் நடுக்கம், ஆர்-க்கு மாற்றினால் டப்பென்று ஓர் இடி. திரவம் நிரப்பிய ஹைட்ராலிக் மவுண்டிங் கிழிந்திருந்தால் கீழே திரவம் வழிந்த கறை தெரியும். ஆனால் சைலன்சர் பைப் அடிச்சட்டத்தில் உரசினாலும் இதே நடுக்கம் வரும். பைப்பைக் கையால் அசைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

மாற்றுவதானால் எந்த மவுண்டிங் போனதோ அதை மட்டும், கம்பெனி பாகமாகவே போடச் சொல்லுங்கள். விலை குறைந்த பாகங்களில் ஹைட்ராலிக் இருந்த இடத்தில் வெறும் கெட்டி ரப்பரை வைத்திருப்பார்கள், பழசைவிட அதிகம் நடுங்கும். ஜாக்கியை ஆயில் சம்ப்பில் நேராக முட்டுக் கொடுக்க விடாதீர்கள், நடுவே மரக்கட்டை வேண்டும். போல்ட்டுகளை முதலில் தளர்வாக மாட்டி, ஜாக்கியை இறக்கி, எஞ்சின் தன் எடையில் உட்கார்ந்த பிறகே கம்பெனி சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்) முறுக்க வேண்டும். ஒருபக்கம் இழுத்துப் பிடித்தபடி முறுக்கினால் புது ரப்பர் முறுகிய நிலையிலேயே இறுகிவிடும், அடுத்த நாளே அதே நடுக்கத்தோடு வண்டி திரும்பி வரும்.