நிலா ஜெல்லித் தொட்டி: ஓராண்டு ஓடிய பிறகு தெரியும் குறை நிறைகள்

மேசைமேல் வைக்கிற 20 லிட்டர் உருளைத் தொட்டி, உள்ளே மூன்று நிலா ஜெல்லி மீன்கள், பின்னால் நீல எல்இடி விளக்கு. வாங்கிய மாதத்தில் இதில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. தொட்டி நல்லதா, பராமரிப்பு சரியா என்பது நான்காம் ஐந்தாம் மாதத்தில்தான் வெளியே வரும். அதற்கு ஜெல்லி சாக வேண்டியதில்லை. சின்னதாகிக்கொண்டே போனால் போதும்.

நம் கடற்கரையில் சொறி என்று சொல்லும் இந்த உயிர், பட்டினி கிடந்தால் எலும்பும் தோலுமாகத் தெரியாது. எலும்பும் கிடையாது, தோலென்று சொல்லவும் பெரிதாக ஒன்றுமில்லை. உடலில் 95 சதவீதம் தண்ணீர். தன் திசுவையே கரைத்துத் தின்று, வடிவம் மாறாமல் அளவில் மட்டும் குறையும். குடை போன்ற அதன் உடல் 10 செ.மீ.இலிருந்து 6 செ.மீ. ஆன பிறகும் அழகாகத்தான் துடித்துக்கொண்டிருக்கும். ‘உயிரோடுதானே இருக்கிறது’ என்ற நிம்மதி இந்தப் பிராணி விஷயத்தில் உதவாது. வாரம் ஒரு நாள், குடை முழுதாக விரியும் நொடியில், ஸ்கேலைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த கண்ணாடி உருவத்தைப் பெரிதாக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே கோணம். இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தீனியை.

தீனி என்றால் அன்றன்று பொரித்த ஆர்டீமியா, உப்புநீரில் வாழும் பொடி இறால் போன்ற உயிர். தொட்டியோடு வரும் தூள் டப்பாவை மட்டும் நம்பி ஓட்டியவர்களிடம்தான் சுருங்கிய ஜெல்லி அதிகம். ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு, ஒரு கிராம் ஆர்டீமியா முட்டை, அடியிலிருந்து நன்றாகக் காற்று, பக்கத்தில் ஒரு விளக்கு, 26 முதல் 28 டிகிரி சூடு. 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் ஆரஞ்சுத் திரையாகக் கூடும். அங்கிருந்து குழாய் வைத்து உறிஞ்சி, நைஸ் வலையில் வடித்து, ஒருமுறை அலசிய பிறகே கொடுக்க வேண்டும். ஓடு கலந்து போனால் ஜெல்லியால் செரிக்க முடியாது, வயிற்றில் தங்கிவிடும். பொரித்து அரை நாள் தாண்டிய குஞ்சில் மஞ்சள்கரு தீர்ந்து சத்து குறைந்திருக்கும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு நாள் தாங்கும், அதற்குமேல் வேண்டாம்.

நீண்ட பிப்பெட்டால் ஜெல்லிக்குக் கொஞ்சம் மேலே மெல்ல விடுங்கள். குடையின் விளிம்பில் சின்னச் சின்ன ஆரஞ்சுப் புள்ளிகள் ஒட்டும், பிறகு வாயைச் சுற்றித் தொங்கும் கைகள் வழியாக நடுவுக்கு நகரும். கால் மணி நேரத்தில் நான்கு வயிற்றுப் பைகளும் ஆரஞ்சாக நிறைந்து தெரிந்தால் அந்த வேளைக்குப் போதும். பெரும்பாலான வளர்ப்புப் பிராணிகளின் வயிற்றை இப்படி வெளியிலிருந்து பார்க்க முடியாது; இந்த வசதியைப் பயன்படுத்தாமல் கண்ணை மூடிக்கொண்டு தீனி கொட்டுவதில் அர்த்தமில்லை. நாளுக்கு இரண்டு வேளை கொடுங்கள். தின்னாமல் மிஞ்சியது அழுகி அம்மோனியா ஆகும், அதனால் அரை மணி கழித்து அடியில் கிடப்பதை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

அம்மோனியாவும் நைட்ரைட்டும் எப்போதும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நைட்ரேட் 20 பிபிஎம் தாண்டக் கூடாது. தொட்டி வந்த நாளே ஜெல்லியை விடுவது மிகப் பெரிய தப்பு. பின்னறையில், அதாவது வடிகட்டி இருக்கும் அறையில், உள்ள பீங்கான் வளையங்களில் அம்மோனியாவைத் தீர்க்கும் பாக்டீரியா பிடிக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். வாரம் 4 லிட்டர் மாற்றுங்கள். ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 36 கிராம் கடல்மீன் தொட்டிக்கான உப்பு போட்டு, முந்தின நாளே கலக்கிவைத்து, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் அடர்த்தி 1.024 முதல் 1.025 வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஊற்ற வேண்டும். ஆவியாகிக் குறைந்ததற்கு உப்புத் தண்ணீர் ஊற்றவே கூடாது, வெறும் ஆர்ஓ தண்ணீர்தான். உப்பு ஆவியாவதில்லை என்பதை மறந்து பலரும் இங்கே தடுக்கி விழுகிறார்கள். உப்பு திடீரென்று ஏறினால் ஜெல்லி மேலேயே மிதக்கும், இறங்கினால் அடியில் போய் உட்காரும். நோய் என்று நினைத்து மருந்து தேடுமுன் உப்பை அளந்து பாருங்கள்.

வட்டத் தொட்டி அலங்காரத்துக்காக வந்ததல்ல. மிதவையுயிர்களை வளர்க்க ஜெர்மனியில் உருவான கிரைசல் தொட்டியின் வழி வந்தது; கிரைசல் என்றால் அங்கே பம்பரம். மூலை இருந்தால் ஜெல்லி அதில் மாட்டிக்கொண்டு விளிம்பு கிழியும். நீரோட்டம் ஒரு சுற்றை நிதானமாக முடிக்க வேண்டும். ஜெல்லி அடியில் படுத்தே கிடந்தால் ஓட்டம் போதவில்லை, துணி மாதிரி சுழற்றி அடித்தால் அதிகம். உறிஞ்சும் பக்கத்து வலை பாதி அடைத்தால் மீதிப் பாதியில் இழுவை கூடி, ஜெல்லி அங்கே ஒட்டிக்கொள்ளும். வாரந்தோறும் வலையைத் தேய்த்துவிடுங்கள்.

காற்றுக்குமிழி தனித் தலைவலி. தொட்டிக்குள் நேரே குமிழி விடும் மாடலை வாங்கவே வேண்டாம். குடைக்குள் ஒரு குமிழி சிக்கினால் ஓரிரு நாளில் அது திசுவைத் துளைத்து மேலே வந்துவிடும். பார்த்த உடனே பம்பை நிறுத்தி, பிப்பெட்டின் பக்கவாட்டால் ஜெல்லியைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து உருட்டினால் குமிழி நழுவி வெளியேறும். ஜெல்லியைத் தண்ணீரை விட்டுத் தூக்கக் கூடாது. இடம் மாற்ற வலையும் வேண்டாம். ஒரு குவளையைத் தண்ணீருக்குள் அமுக்கி, தண்ணீரோடு சேர்த்து மொண்டு எடுங்கள்.

சென்னை மாதிரி ஊரில் உண்மையான செலவு தொட்டியில் இல்லை, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரில் இருக்கிறது. நிலா ஜெல்லிக்கு 18 முதல் 24 டிகிரி. அறை 33 டிகிரியில் இருக்கும்போது கம்ப்ரசர் இல்லாத மலிவான பெல்டியர் சில்லர் நாலைந்து டிகிரிக்குமேல் இறக்காது. கம்ப்ரசர் வைத்ததுதான் வேண்டும். அதற்குக் காசில்லையென்றால் ஜெல்லியும் வேண்டாம், வெப்பமண்டல மீன் வளர்க்கலாம். கரண்ட் போனாலும் ஓட்டம் நிற்காதபடி பம்புக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் போட்டுவிடுங்கள்.

குடை உட்புறம் வெளியாகத் திரும்பி, பூ மலர்ந்த மாதிரி நின்றுவிட்டால் உடம்பு சரியில்லை என்று பொருள். சூடு, அழுக்கு நீர், சத்துக்குறைவு, முதுமை, எதுவும் காரணமாகலாம். கையால் திருப்பிவிட முயன்றால் கிழியும். 20 சதவீதத் தண்ணீரை மாற்றி, சூட்டைச் சரிபார்த்து, நல்ல தீனி கொடுங்கள்; சில திரும்பும், பல திரும்பாது.

மூளை இல்லாததற்கு இவ்வளவு அக்கறை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தலைகீழ் ஜெல்லியான காசியோப்பியா இரவில் துடிப்பை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்கிறது, இரவில் அதைத் தொந்தரவு செய்தால் மறுநாள் மந்தமாகக் கிடக்கிறது என்று 2017இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். வலி உண்டா என்பது வேறு கேள்வி. ஓய்வு என ஒன்று அந்தக் குடும்பத்தில் இருக்கிறது. இரவு 10 மணிக்கு எல்இடியை அணைக்க டைமர் போடுவதற்கு அதுவே போதும். நிலா ஜெல்லிக்கு விளக்கால் எந்தப் பயனும் இல்லை, அது நமக்காகத்தான் எரிகிறது.

நன்றாக வைத்தாலும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுதான் ஆயுள். விளிம்பு பிய்ந்து, கைகள் உதிர்ந்து, தீனி எடுக்காமல் போனால் இழுத்தடிக்க வேண்டாம். லிட்டருக்கு 75 கிராம் மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட் கரைத்த நீரைத் தொட்டித் தண்ணீரோடு சரிபாதி கலந்து, அதில் விட்டால் துடிப்பு அடங்கும். முழுதாக நின்ற பிறகு ஃபிரீசரில் வையுங்கள். கடலில் கொண்டுபோய் விடாதீர்கள். செத்ததைத் தொட்டியிலேயே விட்டுவைத்தால் சில மணி நேரத்தில் கரைந்து மற்றவற்றையும் கொன்றுவிடும்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து இருந்த தொட்டியைக் கழுவி ஊற்றுமுன் பின்னறைச் சுவரில் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டரில் வெள்ளைக் கிண்ணம் போல, வாயைச் சுற்றி இழைகளோடு தனித்தனியாக ஒட்டியிருந்தால் அவை பாலிப்புகள், ஜெல்லியின் ஒட்டிவாழும் இளம் பருவம். கொடிபோலத் தண்டு விட்டுக் கிளைத்திருந்தால் ஆர்டீமியாவோடு வந்த ஹைட்ராய்டு என்ற வேறு உயிர். அதைச் சுரண்டி எறியலாம். பாலிப்பு பல ஆண்டு உயிரோடிருக்கும், தண்ணீரைச் சில வாரம் குளிர்வித்தால் தட்டுத்தட்டாகப் பிரிந்து குட்டி ஜெல்லிகளை விடும்.