ராபிட்எம்க்யூவுடன் ஆறு வருடம்: ஆடிக்காற்றில் அடைத்த மெமரி

பாளையங்கோட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஓர் அலுவலகம். ராதாபுரம், பணகுடி, கயத்தாறு பக்கம் நிற்கும் காற்றாலைகளின் அளவீடுகளை வாங்கி உரிமையாளர் போனில் காட்டுவது தொழில். காற்றாடிக்கு ஒன்றாக 180 கேட்வே (அளவீட்டை அனுப்பும் சின்னக் கருவி), ஒவ்வொன்றிலும் ஒரு சிம். அனுப்புகிறவனுக்கும் சேமிக்கிறவனுக்கும் நடுவில் மெசேஜ்களை வாங்கி வரிசையில் வைத்துக் கொடுக்கும் மென்பொருள் ராபிட்எம்க்யூ. 4 ஜிபி மெமரி உள்ள ஒற்றை சர்வர். ஆறு வருடத்தில் ஒரு மெசேஜைக்கூட அது தானாகத் தொலைத்ததாக என்னால் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு சீசன் என் தூக்கத்தைத் தொலைத்தது.

விஷயம் ஆனி மாதக் கடைசியில் தொடங்கியது. விடியற்காலை போன். "அண்ணாச்சி, இங்க காத்தாடி பிச்சுக்கிட்டு சுத்துது, உங்க ஸ்கிரீன்ல நிக்குதே?" பார்த்தால் மெமரி அலாரம். ராபிட்எம்க்யூ மொத்த மெமரியில் 40 சதவீதத்தைத் தாண்டினால் அனுப்புகிறவர்களை எல்லாம் நிறுத்திவைத்துவிடும் (0.4 என்பது அப்போதைய இயல்பு மதிப்பு). சர்வர் சாகாது, கதவை மட்டும் சாத்திக்கொள்ளும். ரீஸ்டார்ட் செய்தேன், சரியானது. மூன்று நான்கு நாளில் மறுபடியும்.

காற்று கூடினால் அளவீடு கூடும், அளவீடு கூடினால் மெமரி ஏறும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் ஊரில் இதை யார் சந்தேகிப்பார்கள்? ஞாயிறு இரவு தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் வசதி) ஒரு வரி எழுதினேன், சீசனில் புதன் இரவுக்கும் ஒன்று. ஒரு வருடம் அந்த இரண்டு வரியில்தான் பிழைத்தோம். இப்போது நினைத்தால் கூசுகிறது. நோயைக் காட்டக்கூடிய எண்கள் எல்லாம் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் துடைத்துப்போயின.

அடுத்த சீசனில் கிரானை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். 'ராபிட்எம்க்யூ-டயக்னாஸ்டிக்ஸ் மெமரி_பிரேக்டவுன்' என்று ஒரு கட்டளை உண்டு. மெமரியை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று பங்கு பிரித்துச் சொல்லும். இந்த மென்பொருளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். வரிசைகளின் பங்கு அற்பம். பைனரி என்ற தலைப்பு கொஞ்சம் பெரிதாக இருந்ததால் ஒரு பகல் முழுக்க அதன் பின்னால் ஓடினேன். ராபிட்எம்க்யூ எழுதப்பட்ட எர்லாங் மொழியில் 64 பைட்டைத் தாண்டிய பைனரிகள் (மெசேஜ் போன்ற தரவுத் துண்டுகள்) தனி இடத்தில் இருக்கும். வேலை இல்லாத பிராசஸ் பழைய பிடியை விடாமல் வைத்திருக்கக்கூடும். வேண்டாத மெமரியைக் கட்டாயமாக விடுவிக்கும் 'ஃபோர்ஸ்_ஜிசி' போட்டுப் பார்த்தேன், கொஞ்சம்தான் இறங்கியது. அன்று சாயங்காலம்தான் பட்டியலின் மேல் இரண்டு வரியை ஒழுங்காகப் படித்தேன்: கனெக்‌ஷன் ரீடர்கள், கனெக்‌ஷன் சேனல்கள். திறந்திருக்கும் இணைப்புகளுக்கு ஆகும் செலவு. மெமரியில் பெரும்பங்கு அங்கே கிடந்தது.

180 கேட்வேக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் கனெக்‌ஷன். ஒன்றுக்குச் சுமார் 100 கிலோபைட் என்றாலும் ஒரு ஜிபி போச்சு, அதற்கு மேல் டிஎல்எஸ் என்ற மறையாக்கத்தின் செலவு. வேடிக்கை என்னவென்றால் நிர்வாகப் பக்கத்தின் முகப்பிலேயே கனெக்‌ஷன் எண்ணிக்கை கட்டம் கட்டிக் காட்டியிருக்கும். அதற்கு மேலே ஆடும் மெசேஜ் கிராஃபைத் தாண்டி என் கண் இறங்கியதே இல்லை. ஒவ்வொரு இணைப்பும் ஒரு திறந்த ஃபைலாகக் கணக்காகும்; அந்த ஃபைல் வரம்பை முன்பே 65536 ஆக்கிவைத்திருந்ததால் அந்தப் பக்கத்து எச்சரிக்கையும் வரவில்லை.

'லிஸ்ட்_கனெக்‌ஷன்ஸ்' கட்டளையில் யூசர், டைம்அவுட், தொடங்கிய நேரம் மூன்றையும் எடுத்தோம். பணகுடிப் பக்கத்து ஒரு கேட்வேயின் பெயரில் மட்டும் 63 வரி. கூட இருந்த தம்பி கேட்டான், "அண்ணே, டைம்அவுட் எல்லாம் ஏன் சைபரா கெடக்கு?" நான், "நீ போய் டீ சொல்லுல" என்றேன். எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. முதல் வருடம் சிக்னல் மோசமான இடங்களில் அடிக்கடி இணைப்பு அறுகிறதென்று பைத்தான் கோடில், ராபிட்எம்க்யூவோடு பேசும் பைக்கா நூலக அமைப்பில், ஹார்ட்பீட்டை சைபர் ஆக்கியது நான்தான். ஹார்ட்பீட் என்பது இரு பக்கமும் 'உயிரோடு இருக்கிறேன்' என்று அனுப்பிக்கொள்ளும் துடிப்பு; சைபர் என்றால் அது அணைந்துவிடும்.

கரண்ட் போனால் கேட்வே சொல்லாமல் சாகும். சர்வருக்கு விடை சொல்ல ஆள் இல்லை. கரண்ட் வந்ததும் புதுக் கனெக்‌ஷன் போடும், பழையது அப்படியே நிற்கும். எங்கள் கேட்வே அனுப்புவது மட்டும்தான். சர்வர் அதற்கு ஏதாவது அனுப்பி, பதில் வராமல் போயிருந்தால் கால் மணி நேரத்தில் அடியிலுள்ள டிசிபி என்ற நெட்வொர்க் அடுக்கே அறுத்திருக்கும். அனுப்ப ஒன்றும் இல்லாததால் பிணத்தைப் பிணமென்று சர்வருக்குத் தெரியவே இல்லை. காற்றுக்கும் மெமரிக்கும் உறவு உண்டுதான், ஆனால் அது அளவீடு வழியாக அல்ல. காற்றடிக்கிற மாதத்தில்தான் கம்பி அறுந்து கரண்டும் போய்ப் போய் வரும்.

ஹார்ட்பீட்டை 60 நொடி ஆக்கினோம். 30 நொடிக்கு ஒரு துடிப்பு, இரண்டு தவறினால் சர்வர் அறுத்துவிடும். 20 போதும் என்பார்கள். எங்கள் மலையடிவாரச் சிக்னலுக்கு 60தான் ஒத்துவந்தது. ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் பெயரும் வைத்தோம்.

குறை என்றால் ஒன்று. அலாரம் அடித்தால் யார் காரணமோ அவரை மட்டுமல்ல, அனுப்புகிற எல்லாரையும் நிறுத்துகிறது. 4.0 பதிப்பில் மெமரி அலாரத்தின் அந்த 0.4 வரம்பு 0.6 ஆகிவிட்டது. எங்கள் பழைய கோடு அதில் ஓடியிருந்தால் இன்னும் இரண்டு நாள் கழித்துச் செத்திருக்கும், அவ்வளவே.

மெமரிக்கு முன்பாகக் கனெக்‌ஷன் எண்ணிக்கைக்கு எச்சரிக்கை வைத்திருக்கிறேன், 250. போன ஆடி முழுக்க ஒரே ஒருமுறை அடித்தது. தம்பி தன் சோதனை ஸ்கிரிப்டில் லூப்புக்குள் திறந்த கனெக்‌ஷன்களை மூட மறந்திருந்தான்.