காடி வெட்ட எந்த பிளேடு: அடுக்கா, வாபிளா, ஒற்றையா?

டேபிள் சாவில் (மேசை ரம்பத்தில்) காடி, அதாவது பலகையில் நீளப் பள்ளம், எடுக்க மூன்று பிளேடு வழிகள் உண்டு. அதில் வாபிள் பிளேடை முதலிலேயே ஒதுக்கிவிடுவேன். ஒரே பிளேடைச் சாய்த்துப் பூட்டி, அது ஆடி ஆடிச் சுழலும் வீச்சில் அகலம் கிடைக்கிறது. விலை குறைவு, அகலம் மாற்றுவதும் சுலபம்தான். ஆனால் காடியின் அடி வளைந்து வரும், அதிர்வும் அதிகம். வேகமாகச் சுழலும் ஒன்று ஆடிக்கொண்டே இருப்பதை நான் விரும்புவதில்லை.

மீதி இரண்டில்தான் உண்மையான போட்டி.

டேடோ அடுக்கு என்பது இரண்டு ஓர பிளேடு, நடுவில் மரத்தைச் செதுக்கி எடுக்கும் சிப்பர்கள், அகலத்தை நுணுக்கமாகச் சரிசெய்ய ஷிம்கள் எனும் மெல்லிய வளையங்கள். 10 அங்குல மெஷினுக்கு 8 அங்குல அடுக்கு வழக்கம். மோட்டார் சிறியதென்றால் 6 அங்குலம் போதும். ஒரே ஓட்டத்தில், அதாவது பலகையை ஒரு முறை தள்ளினாலே, மட்டமான அடி கிடைக்கும். ஒரே அளவில் இருபது காடி போட வேண்டுமென்றால் இதற்கு ஈடே இல்லை.

ஆனால் முதலில் ஆர்பர், அதாவது பிளேடு மாட்டும் தண்டு, அதன் நீளத்தைப் பாருங்கள். அடுக்கை ஏற்றி நட்டை இறுக்கியதும் நட்டின் மரை முழுவதும் ஆர்பரில் பிடித்திருக்க வேண்டும். ஆர்பர் முனை நட்டுக்குள் புதைந்து நின்றால் ஒரு சிப்பரைக் கழற்றுங்கள்; அகலம் போதாவிட்டால் இரண்டு ஓட்டமாக வெட்டலாம். சிப்பரின் பற்கள் ஓர பிளேடின் பற்களுக்கு இடையே உள்ள குழியில் உட்கார வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடுக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றினால் ஏதாவது உரசுகிறதா என்று தெரிந்துவிடும். மேசையில் பிளேடு வெளிவரும் இடத்துக்கு அகல வாய் கொண்ட தகடும் தேவை. வாங்கும்போது பற்கள் பின்சாய்வாக, அதாவது நெகட்டிவ் ஹூக்காக இருப்பதைத் தேடுங்கள். அது மரத்தைக் கவ்வி இழுக்காது. சாஸ்டாப் மெஷின் (விரல் பட்டதும் பிளேடை நிறுத்தும் வகை) என்றால் டேடோவுக்கென்று தனி பிரேக் கார்ட்ரிட்ஜ் மாட்ட வேண்டும்.

ஒற்றை பிளேடு மெதுவானது. 3.2 மி.மீ. வெட்டு அகலத்தில் 18 மி.மீ. காடிக்கு ஆறு ஓட்டம். ஆனாலும் அவ்வப்போது மட்டும் காடி போடுபவருக்கு நான் சொல்வது இதைத்தான். ரிவிங் நைஃப் (பிளேடின் பின்னால் நின்று வெட்டு மூடாமல் பிரித்து வைக்கும் தகடு) பிளேடின் உச்சிக்குச் சற்றுக் கீழே நிற்கும் வகை என்றால் அதைக் கழற்றவே வேண்டாம். 8 அங்குல அடுக்கோடு அது சேராது. ஒவ்வொரு ஓட்டத்திலும் வெட்டும் மரம் குறைவு, தள்ளும் விசையும் குறைவு. பற்களின் தலை மட்டமாக இருக்கும் ரிப் பிளேடை (நீளவாக்கில் அறுக்கும் பிளேடு) எடுங்கள். மாற்றி மாற்றிச் சாய்ந்த பற்கள் காடியின் அடியில், இரண்டு ஓரத்திலும் பூனைக் காது போலச் சிறு கீறல் விடும். பிறகு உளியால் சுரண்ட வேண்டி வரும்.

எதை எடுத்தாலும் ஒரு விஷயம் என்னைப் பயமுறுத்துகிறது. காடி வெட்டும்போது பிளேடு மரத்துக்குள் மறைந்திருக்கும், கண்ணுக்கே தெரியாது. மேல் கவசமும் பெரும்பாலும் கழற்றப்பட்டிருக்கும். பலகையின் பின்முனை கடக்கும் நொடியில்தான் பற்கள் சட்டென்று வெளியே வருகின்றன, சரியாகக் கை தள்ளிக்கொண்டிருக்கும் இடத்தில். அதனால் பலகையைத் தள்ளும் கைப்பிடிக் கட்டையான புஷ் பிளாக் இல்லாமல் ஸ்விட்சைத் தொடாதீர்கள்.