ஜெனீவா கூட்டத்துக்குப் போகிறவர்களே, விசா வந்த பிறகும் ஹோட்டல் புக்கிங் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

மதுரைப் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக் கூட்டம், மாநாடு, பயிற்சி என்று முதல்முறையாகப் போகிறவர்கள் இதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் ஏஜென்டிடம் பணம் கொடுங்கள். போன ஜூனில் எங்களுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்களின் சின்னச் சங்கம் ஒன்றில் நான் கணக்கு வழக்கு பார்க்கிறேன். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே, இந்த ஊருக்கே உரிய பொருள் என்று சட்டப்படி அங்கீகரிக்கிற புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, ஆனாலும் அச்சடித்த புள்ளிச் சேலையைச் சுங்குடி என்று விற்பது நிற்கவே இல்லை. இந்த மாதிரிப் பிரச்சினைகளைப் பேச ஜெனீவாவில் நடந்த ஒரு கைவினைஞர் கூட்டத்துக்கு எங்களில் இரண்டு பேரை அழைத்திருந்தார்கள். பேசுவதற்கு நான், முடிச்சுப் போடுவதை நேரில் செய்து காட்ட 62 வயதுப் பெரியம்மா ஒருவர். செலவை முதலில் நாங்கள் போட வேண்டும், பில் காட்டினால் திருப்பித் தருவார்கள் என்பது ஏற்பாடு. சங்கத்துச் சேமிப்பிலிருந்தும் கொஞ்சம் கைமாற்று வாங்கியும்தான் பணம் புரட்டினோம்.

அழைப்புக் கடிதத்தோடு ஏழு பக்கத்துக்கு ஒரு தகவல் குறிப்பும் மெயிலில் வந்தது. எந்த ஹோட்டலில் தங்கலாம், விமான நிலையத்திலிருந்து எப்படி வருவது, விசாவுக்கு என்னென்ன வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, மேலமாசி வீதிப் பக்கம் ஒரு மாடியில் இருக்கிற டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போனேன். தெரிந்தவர் சொல்லி அனுப்பிய இடம். “நீங்க கூட்டத்துல என்ன பேசணும்னு மட்டும் யோசிங்கக்கா, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்” என்றார் அங்கிருந்தவர். மரியாதையாகத்தான் பேசினார், காபியெல்லாம் வாங்கித் தந்தார்.

அவர் வாங்கிய பணத்தைச் சொல்கிறேன். விமான டிக்கெட் தனி, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு இரவு ஹோட்டலுக்கு 1,32,000. ஜெனீவாவில் பஸ், டிராம் பாஸ் ஆளுக்கு 6,500. ஏர்போர்ட்டிலிருந்து ஹோட்டலுக்குக் கார் 9,000. விசா மையத்தில் அப்பாயின்ட்மென்ட் எடுத்துத் தர ஆளுக்கு 4,000. பாதிப் பணம் ஜிபேயில் ஒரு தனிநபர் எண்ணுக்கு, மீதி ரொக்கம். ரசீது என்று ஒரு வெள்ளைத்தாளில் சீல் குத்திக் கொடுத்தார், ஜிஎஸ்டி எண் கிடையாது.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போய், விசா விண்ணப்பம் வாங்குகிற விஎஃப்எஸ் மையத்தில் கைரேகை வைத்துவிட்டு வந்தோம். மே 27 அன்று விசா ஒட்டிய பாஸ்போர்ட் கையில் கிடைத்தது. நான்தான் சந்தோஷத்தில் அன்று சாயங்காலமே அந்த ஆபீஸுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துபாய் வழியாக ஜெனீவாவில் இறங்கியபோது ராத்திரி எட்டு மணி. ஜூன் மாதம் அங்கே ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், அதுவே பாதி தைரியம். எங்கள் பெயர் எழுதிய அட்டையோடு டிரைவர் நிற்பார் என்று சொல்லியிருந்தார்கள். ஐம்பது நிமிஷம் நின்றோம், யாரும் வரவில்லை. மதுரையில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது, போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அங்கே துப்புரவு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஈழத் தமிழர் ஒருவர் நாங்கள் பேசுவதைக் கேட்டு வந்து, “ஏன் அக்கா டாக்ஸிக்கு நிக்கிறீங்கள், ஸ்டேஷன் பக்கத்திலதான் கிடக்கு, ஏழு நிமிசத்தில டவுனுக்குப் போயிடலாம்” என்று சொல்லி டிக்கெட் மெஷின் வரை கூட்டிப்போய் விட்டார். நிஜமாகவே ஏழு நிமிஷம்தான், கோர்னவான் என்கிற பெரிய ரயில் நிலையத்தில் இறங்கிவிட்டோம். 9,000 ரூபாய் கொடுத்தது இந்தத் தூரத்துக்கு.

ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண், ஏஜென்ட் கொடுத்த புக்கிங் வவுச்சரை வாங்கிப் பார்த்தார், கம்ப்யூட்டரில் தட்டினார், மறுபடி தட்டினார், அப்புறம் ஒன்றும் பேசாமல் திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயர் இருந்தது, பெரியம்மா பெயர் இருந்தது, தேதியெல்லாம் சரியாக இருந்தது. கீழே சிவப்பில் ரத்து என்று இருந்தது. ரத்தான தேதி மே 28. விசா வந்துவிட்டது என்று நான் போன் பண்ணிச் சொன்ன மறுநாள். ஒரு பைசா கூட அந்த ஹோட்டலுக்குப் போகவில்லை, இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையில் பதிவு செய்திருக்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்து, மடியில் சேலைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ரூம் இல்லையாடி?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பையில் முடிச்சு அவிழ்க்காத சேலை ஒன்று இருந்தது, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவிழ்த்துப் புள்ளி விரிவதைக் காட்ட வேண்டும் என்று இரண்டு மாதம் உட்கார்ந்து போட்ட முடிச்சு. நகத்தால் துணியைக் கிள்ளிக் கிள்ளி நூல் சுற்றிய அந்த விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஜூன் மாதம் அங்கே சர்வதேசத் தொழிலாளர் மாநாடும் நடக்கிற சமயம், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து குவிந்திருப்பார்கள். ஊருக்குள் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்த வரவேற்புப் பெண் நல்லவர், நாலைந்து இடத்துக்குப் போன் போட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்ஸில் அன்மாஸ் என்கிற ஊரில் ஒரு அறை பிடித்துக் கொடுத்தார். லேமான் எக்ஸ்பிரஸ் ரயிலில் இருபது நிமிஷம் சொச்சம். எங்களுடையது சுவிஸ், பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்துத் தருகிற ஷெங்கன் விசா, அதனால் எல்லை தாண்டுவதில் சிக்கல் இல்லை. ஆனால் அறைக்குப் பணம் மறுபடியும் கையிலிருந்து.

டிராம் பாஸ் கதை மறுநாள்தான் தெரிந்தது. ஜெனீவாவில் ஹோட்டலில் தங்குகிற யாராக இருந்தாலும் தங்கும் நாள் முழுவதும் பஸ்ஸிலும் டிராமிலும் போக ஹோட்டலே இலவசமாகப் பயண அட்டை தருகிறது. தகவல் குறிப்பின் மூன்றாம் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். இலவச அட்டைக்குத்தான் 13,000 வாங்கியிருக்கிறார். எங்கள் அறை பிரான்ஸில் இருந்ததால் அந்த அட்டையும் கிடைக்காமல், தினமும் ரயிலுக்கும் அங்கிருந்து 15-ஆம் எண் டிராமுக்கும் டிக்கெட் எடுத்து நாஸியோன் நிறுத்தத்தில் இறங்கினோம். கால் உடைந்த பெரிய மர நாற்காலி நிற்கிற சதுக்கம், ஐ.நா. அலுவலகம் எதிரே. அப்பாயின்ட்மென்டும் அப்படித்தான், விஎஃப்எஸ்ஸில் தேதி எடுக்கப் பணமே கிடையாது, நாமே எடுக்கலாம்.

ஊருக்கு வந்ததும் நேரே அந்த மாடிக்குப் போனேன். “ஹோட்டல்காரங்க பண்ணின தப்புக்கா, ரீஃபண்ட் வந்ததும் தர்றோம்” என்றார்கள். ரத்து செய்த மெயில் அவர்களுடைய ஐடிக்குத்தான் வந்திருக்கிறது என்று ஹோட்டல் எனக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தைக் காட்டினேன், பேச்சு மாறியது. வக்கீல் நோட்டீஸ் போன பிறகு இரண்டு தவணையில் 40,000 வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். 5 லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் போகலாம். அதற்கு முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். இதையெல்லாம் விட வலித்தது, கூட்டம் நடத்தியவர்கள் அந்த வெள்ளைத்தாள் ரசீதை ஏற்கவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, யாராலும் ஏற்க முடியாது. விமான டிக்கெட்டுக்கும் அன்மாஸ் அறைக்கும் பில் இருந்தது, அது மட்டும் திரும்பி வந்தது.

ஏஜென்ட் எல்லாருமே இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஹோட்டலை உங்கள் மெயில் ஐடியில், உங்கள் கார்டில் பதியச் சொல்லுங்கள். அப்போதுதான் யார் ரத்து செய்தாலும் தகவல் உங்களுக்கு வரும். விசாவுக்குத் தங்குமிடச் சான்று கட்டாயம் என்பதால் பேருக்கு ஒரு பதிவைப் போட்டு, விசா வந்ததும் எடுத்துவிடுவது இந்தத் தொழிலில் சகஜம் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. விசா கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி, அதற்கு மேல் யாராவது கேட்டால் எதற்கு என்று எழுதி வாங்குங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், அதை ஆன்லைனில் நீங்களே எடுக்கலாம். அப்புறம், அங்கே செலவுக்கு யூரோ இல்லை, சுவிஸ் ஃபிராங்க். நம் மூன்று முள் பிளக் அங்கே சொருகாது, அடாப்டர் எடுத்துப் போங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வவுச்சரில் இருக்கிற எண்ணுக்குப் போன் பண்ணாதீர்கள், அது ஏஜென்டுடையதாகவும் இருக்கலாம். ஹோட்டலின் சொந்த இணையதளத்திலிருந்து மெயில் ஐடி எடுத்து, பெயர், தேதி, பதிவு எண் போட்டு, இந்தப் பதிவு இப்போது இருக்கிறதா, பணம் வந்துவிட்டதா என்று கேளுங்கள். விசா வந்த இரண்டு நாள் கழித்து ஒருமுறை, கிளம்புவதற்கு முந்தின வாரம் இன்னொரு முறை. போன் பண்ணுவதாக இருந்தால் கோடைக்காலத்தில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், நம் மதியம் ஒன்றரைக்கு அங்கே காலை பத்து மணி.