இருமொழி அகராதியா, கற்போர் அகராதியா? அலுவலக ஆங்கிலத்துக்கான தெரிவு

மட்டக்களப்பு கல்லடியில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு வருவோர் பெரும்பாலும் வேலையில் இருப்பவர்கள். வைத்தியசாலைக் களஞ்சியத்தில் பதிவேடு எழுதுபவர், அரிசி ஆலையின் எழுதுவினைஞர், கணினிக் கடையில் நிற்பவர் என்று பலர் இருக்கிறார்கள். பேக்கப், சப்ளை, ஷெட்யூல், ட்ரான்ஸ்ஃபர் ஆகிய சொற்களை இவர்கள் நாள் முழுவதும் தமிழுக்குள்ளேயே புழங்குகிறார்கள். அதே சொற்களை ஆங்கிலக் கடிதத்தில் எழுத வேண்டியிருக்கும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. இவர்கள் எந்த அகராதியை வாங்கலாம் என்பதில் எனக்கும் நெடுநாள் தயக்கம் இருந்தது. கடைசியில் கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதியைத்தான் தெரிவு செய்தேன். இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் வாசகர் வியப்படைய வேண்டியதில்லை.

ஆங்கிலம்–தமிழ் அகராதியின் வசதிகள் எல்லோரும் அறிந்தவைதான். கையடக்கப் பதிப்பு மலிவாகக் கிடைக்கும், பொருள் உடனே விளங்கும், பயமில்லாமல் திறக்கலாம். விரிவானது வேண்டுமென்றால், அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட பேரகராதி இருக்கிறது. கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலியையும் ஒரு தெரிவாகச் சிலர் சொல்கிறார்கள். வந்த மின்னஞ்சலின் கருத்தைப் பிடிக்க அது போதும். பதில் எழுதக் கற்றுக்கொள்ள உதவாது என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

கற்போர் அகராதி வேறொரு தேவையிலிருந்து பிறந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹோர்ன்பி தம் சகாக்களுடன் 1942இல் அங்கே வெளியிட்ட அகராதியை ஒக்ஸ்போர்ட் பதிப்பகம் 1948இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் ஒரு சொல்லை எப்படி வாக்கியத்தில் அமைப்பது என்பதே அதன் முதற் கவலை. 1978இல் வந்த லோங்மன் அகராதி, ஏறத்தாழ 2000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கங்களையும் எழுதியது. ஆகவே, ஆங்கிலத்தில் பொருள் சொன்னால் மாணவருக்கு விளங்காது என்ற அச்சம் பெரும்பாலும் வீணானது.

விலையோ பருமனோ அல்ல, சொல்லுக்கு அருகில் எந்தச் சொல் வரும் என்ற ஒரே விடயம்தான் என் முடிவைத் தீர்மானித்தது. ‘உங்களுக்கு அரிசி வழங்குவோம்’ என்று தமிழில் எழுதும்போது வேற்றுமை உருபே எல்லா வேலையையும் பார்த்துக்கொள்கிறது. அதே பழக்கத்தில், சப்ளை என்றால் வழங்குதல் என்று மட்டும் தெரிந்துகொண்டவர் ‘வீ வில் சப்ளை யூ ரைஸ்’ என்று எழுதிவிடுகிறார். பெறுபவரை முதலில் சொன்னால் ‘சப்ளை யூ வித் ரைஸ்’ என்றும், பொருளை முதலில் சொன்னால் ‘சப்ளை ரைஸ் டு யூ’ என்றும் வர வேண்டும். இந்த இரண்டு அமைப்புகளையும் கற்போர் அகராதி தடித்த எழுத்தில் தனித்தனியே காட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே வாக்கியமும் தருகிறது. கையடக்க இருமொழி அகராதியிலோ ‘வழங்கு, விநியோகம், இருப்பு’ என்று மூன்று சொற்கள் வரிசையாக நிற்கும். எதை எங்கே எப்படி என்பது வாசிப்பவரின் அதிர்ஷ்டம்.

ஷெட்யூலுக்கும் இதே கதைதான். ஒரு விநியோகம் திங்கட்கிழமைக்குக் குறிக்கப்பட்டிருந்தால் ‘ஷெட்யூல்ட் ஃபோர் மண்டே’. வேலை திட்டமிட்ட நேரத்தில் நடந்தால் ‘ஒன் ஷெட்யூல்’, பிந்தினால் ‘பிஹைண்ட் ஷெட்யூல்’. இவ்விரண்டிலும் நடுவில் ‘த’ வராது. ‘இன் ஷோர்ட் சப்ளை’ என்ற தொடரைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்த ஒரு மாணவி ‘குறுகிய விநியோகம்’ என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தார். தட்டுப்பாடு என்பதே அதன் பொருள். பேக்கப் பெயர்ச்சொல்லாக வரும்போது ஒரே சொல், வினையாக வரும்போது ‘பேக்’, ‘அப்’ என இரண்டு சொற்கள். அந்த வினைக்குக் கோப்புகளைப் பிரதியெடுத்தல் மட்டுமல்ல, ஒருவருக்குத் துணைநிற்றல், வாகனத்தைப் பின்னெடுத்தல், மாரியில் எங்கள் ஒழுங்கைகளில் நடப்பதுபோல வடிகான் அடைத்து நீர் மேலே வருதல் ஆகிய பொருள்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு உதாரணம் தராவிட்டால் இவற்றைப் பிரித்தறிவது கடினம்.

உச்சரிப்பும் இதனோடு சேர்ந்தது. ட்ரான்ஸ்ஃபர் பெயர்ச்சொல்லாக இருந்தால் அழுத்தம் முதல் அசையிலும், வினையாக இருந்தால் இரண்டாம் அசையிலும் விழும்; சப்ளைக்கு இரண்டிலும் இரண்டாம் அசையில்தான். இது பேச்சுக்கு மட்டும் உரிய நுணுக்கமல்ல. வினையில் அழுத்தம் கடைசி அசையில் இருப்பதாலேயே இறந்தகாலத்தில் ‘ஆர்’ எழுத்து இரட்டிக்கிறது. ஓஃபர் என்ற சொல்லில் அழுத்தம் முன்னால் இருப்பதால் இரட்டிப்பதில்லை. இடமாற்றக் கடிதங்களில் நான் அடிக்கடி சிவப்பு மையால் திருத்துவது இந்த எழுத்தைத்தான்.

இருமொழி அகராதியை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. ஷெட்யூல் என்பது எப்போதும் நேர ஒழுங்கைக் குறிப்பதில்லை. சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் அது பின்னிணைந்த பட்டியல். 1987இன் 13ஆம் திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்த ஒன்பதாம் அட்டவணை அந்தப் பொருளில்தான் நிற்கிறது. இத்தகைய இடத்தில் ‘அட்டவணை’ என்ற ஒரு தமிழ்ச் சொல், ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு வரி விளக்கத்தைவிட விரைவாகத் தெளிவு தரும். காணி உறுதி போன்ற ஆவணங்கள் என் வகுப்புக்கு அதிகம் வருவதில்லை என்பதால், ட்ரான்ஸ்ஃபரின் சட்டப் பயன்பாட்டில் எந்த நூல் சிறந்தது என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்தத் துறையில் இருப்பவர்கள் அரசகரும மொழிகள் திணைக்களத்தின் சொற்றொகுதிகளைப் பார்ப்பது நல்லது. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கற்போர் அகராதி எந்த வயதில் பொருந்தும் என்பதிலும் என் அனுபவம் குறைவு.

கற்போர் அகராதிகளுக்குள் எதை எடுப்பது என்று கேட்டால், ஒக்ஸ்போர்டும் லோங்மனும் எனக்கு ஏறக்குறைய சமம். இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், உச்சரிப்பையும் கேட்கலாம். பொருளையே முழு வாக்கியமாக எழுதும் கொலின்ஸ் கோபில்ட், 1987இல் முதலில் வந்தது, தொடக்க நிலையில் உள்ளவருக்கு இன்னும் இதமாக இருக்கும். அச்சுப் பிரதிதான் வேண்டும், புதிய பதிப்பின் விலை கட்டுப்படியாகாது என்பவர்கள் பழைய புத்தகக் கடையில் முந்திய பதிப்பைத் தேடலாம். சப்ளைக்குப் பின் ‘வித்’ வரும் என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும் விடயமல்ல. ஆனால் மிகப் பழையதாக இருந்தால், வாங்குமுன் பேக்கப் என்ற பதிவைத் திறந்து கணினிப் பொருள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.