சித்திரையில் இரைந்து ஐப்பசியில் அடங்கிய ஸ்பீக்கர்

திசையன்விளைப் பக்கம் செம்மண் தேரியை ஒட்டிய ஊர் எங்களுடையது. 2019இல் இந்த 2.1 ஸ்பீக்கரை (இரண்டு சிறு ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஓசைக்கென ஒரு வூஃபரும்) வாங்கினேன். கோயில் கொடை விழாக்களில் பதிவுசெய்த வில்லுப்பாட்டு கேசட்டுகள் எங்கள் வீட்டில் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றி, கேட்டுச் சரிபார்ப்பதற்காகத்தான் வாங்கினேன். குடத்தின் அடியும் உடுக்கையும் வில்லில் கட்டிய மணிகளும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். முதல் சில மாதங்கள் அப்படித்தான் விழுந்தன.

அடுத்த கோடையில் இரைச்சல் தொடங்கியது. பாட்டு ஓடாதபோதும் அடித்தொண்டையில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். ஸ்பீக்கர்தான் கெட்டுவிட்டது என்று எண்ணிக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே சத்தமே வரவில்லை; வீட்டுக்கு வந்தால் மறுபடி உறுமியது. ஐப்பசி மழை பிடித்ததும் தானாக அடங்கியது, மறு சித்திரையில் திரும்பி வந்தது. பருவம் பார்த்து வரும் கோளாறு ஸ்பீக்கருக்குள் எப்படி இருக்க முடியும்?

ஆடியோ வயரைக் கணினியிலிருந்து பிடுங்கி, பேட்டரியில் ஓடும் செல்போனில் செருகினேன். ஒரு முணுமுணுப்பும் இல்லை. கணினியில் செருகியதும் உறுமல். அதோடு, வெறுங்காலுடன் நின்று கணினிக் கேபினட்டின் இரும்பைப் புறங்கையால் தொட்டால் எறும்பு ஊர்வதுபோல் சுரீர் என்றது. வயரிங் வேலை பார்க்கும் தம்பி ஒருவரை அழைத்தேன். “அண்ணாச்சி, முதலில் எர்த் குழியைக் காட்டுங்கள்” என்றார். ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் வயர்) எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பை வைத்துப் பார்த்தார். இழை மட்டும் பீடிக் கங்குபோலச் சிவந்தது. குழியில் நான்கு வாளித் தண்ணீர் ஊற்றிய சிறிது நேரத்தில் அதே பல்பு கொஞ்சம் எரியத் தொடங்கியது. (இந்தச் சோதனையை நீங்களாகச் செய்யாதீர்கள், வேலை தெரிந்தவர் செய்யட்டும்.)

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் உள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியே சிறிதளவு மின்சாரம் எப்போதும் கேபினட்டுக்குக் கசியும். எர்த் நன்றாக இருந்தால் அது மண்ணுக்குள் போய்விடும். தேரி மணல் காய்ந்துவிட்டால் போக வழியின்றி, அதில் ஒரு பங்கு ஆடியோ வயரின் மேலுறைக் கம்பி வழியே ஸ்பீக்கருக்குள் நுழைகிறது. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ்தான் உறுமலாகக் கேட்கிறது. உப்பும் கரியும் போட்டுக் குழியைப் புதிதாக எடுத்தோம். உறுமல் போனது, சுரீர் என்ற கூச்சமும் போனது.

சிலர் பிளக்கின் எர்த் பின்னை வெட்டி எறிந்தால் சரியாகிவிடும் என்று யோசனை சொன்னார்கள். ஆனால் உள்ளே வயர் தவறி கேபினட்டில் பட்டால் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

மற்ற சத்தங்கள் சிறியவை. வால்யூமைத் திருகும்போது கேட்ட கரகரப்பு உவரிக் கடற்காற்றின் வேலை. பின்புற பிளக்கை உருவிப் பார்த்தபோது செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, கான்டாக்ட் கிளீனரை அடித்து, பிளக்கைத் துடைத்துவிட்டு, குமிழை இப்படியும் அப்படியுமாக முப்பது தடவை திருகினேன். ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். மவுஸை நகர்த்தும்போது வந்த ‘கீச்’, வயரை முன்பக்க ஜாக்கிலிருந்து பின்பக்கப் பச்சை ஜாக்குக்கு மாற்றியதும் பாதியானது. சிறிய யுஎஸ்பி சவுண்ட் கார்டு போட்டதும் முழுதும் நின்றது.

இப்போது கேட்பது நாடாவின் சொந்தச் ‘ஸ்ஸ்’ மட்டுமே. அதை நான் நீக்குவதில்லை, அது அந்தப் பதிவோடு பிறந்தது. பாட்டு தொடங்குமுன் வில்லைத் தூக்கிவைக்கும்போது மணிகள் மெல்லச் சிணுங்குவதைச் சென்ற மாதம்தான் முதன்முறையாகக் கேட்டேன். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஸ்பீக்கரில் எனக்கு உள்ள ஒரே குறை, வூஃபர் குடத்தின் ஓசையைத் தேவைக்கு மேல் பெருக்குகிறது என்பதுதான். பேஸ் குமிழைக் கால்வாசிக்குக் கீழே வைத்துத்தான் கேட்கிறேன். பங்குனி பிறந்ததும் ஞாயிறுதோறும் எர்த் குழிக்கு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுகிறேன்.