பொட்டாசியம் கலந்த உப்பு: ரசத்துக்குச் சரி, தயிருக்கு வேண்டாம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடை ஒன்றில் கிடைக்கும் குறைந்த சோடியம் உப்பு இப்போது எங்கள் வீட்டில் நிரந்தரம். 75 விழுக்காடு வழக்கமான உப்பு, மீதி 25 பொட்டாசியம் குளோரைடு. விலை சாதா உப்பைவிடப் பல மடங்கு, அதைப் பார்த்தே பலர் திரும்ப வைத்துவிடுவார்கள்.

ரசம், சாம்பார், மீன் குழம்பு எதிலும் வித்தியாசம் தெரியவில்லை, புளி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. தயிர்ச் சாதத்தில்தான் மாட்டிக்கொள்கிறது, நாக்கின் ஓரத்தில் லேசான கசப்பு. மாங்காயில் தொட்டுச் சாப்பிட வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ஏன் வாங்குகிறேன்? உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதனால் பிரஷர் ஏறும் என்பதெல்லாம் சரிதான், ஆனால் நோய் எதிர்ப்புச் செல்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2007இல் அமெரிக்காவில் டி செல், பி செல் என்ற இரண்டு வகை எதிர்ப்புச் செல்களும் இல்லாத எலிகளுக்கு, பிரஷரை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார்கள், பிரஷர் வழக்கம்போல் ஏறவில்லை. டி செல்களை உள்ளே செலுத்திய பிறகு ஏறியது. 2021இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. சுமார் 10 கிராம் உப்புள்ள ஒரு பீட்சாவைச் சாப்பிடக் கொடுத்து, 3 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், மோனோசைட் என்ற எதிர்ப்புச் செல்களின் மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் பகுதி, மந்தமாகியிருந்தது. 8 மணி நேரத்தில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இதனால்தான் பிரஷர் வருகிறது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, ஆனால் காலையில் ரொட்டி சானாய், மதியம் வாழையிலைச் சாப்பாடு, ராத்திரி மாமாக் கடை மீ கோரெங் என்று ஓடுகிறவருக்கு அந்த 8 மணி நேர இடைவெளி எங்கே கிடைக்கும்? உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதோ நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு.

இதே 75-25 கலவையைச் சீனாவில் 600 கிராமங்களில், சுமார் 21,000 பேரிடம் சோதித்தார்கள். பக்கவாதம் வந்தவர்கள், அல்லது பிரஷர் உள்ள 60 வயதைத் தாண்டியவர்கள். சாதா உப்பு சாப்பிட்டவர்களைவிட இந்தக் கலவையைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. என் பணம் அதற்குத்தான்.

பாக்கெட் மேல்தான் எனக்குக் கோபம். முன்பக்கம் பெரிய இதயப் படம் போட்டவர்கள், சிறுநீரக நோயாளிகளுக்கான எச்சரிக்கையைப் பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கிட்னி பிரச்சினை உள்ளவர்கள், அரசாங்க கிளினிக்கில் கொடுக்கும் பெரிண்டோபிரில் மாதிரி பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

சமையலில் கிச்சாப் என்ற சோயா சாஸையும் கருவாட்டையும் அள்ளிப் போட்டுவிட்டு இந்த உப்பை மட்டும் மாற்றினால் காசுதான் வீண். முதலில் சின்ன பாக்கெட் வாங்குங்கள், நம் ஊர் ஈரத்துக்குச் சீக்கிரம் கட்டிதட்டுகிறது, பிரித்ததும் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றிவிடுங்கள்.